மூன்றாவது கை

1

இக்கதை எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது. "நான் எங்க போனேன்?" என்று கேட்டான். கேட்டபோது அவன் தன் நாற்காலியில்தான் அமர்ந்திருந்தான். பின்னால் நின்ற எனக்கு உடல் சில்லிட்டது. இதை எழுதும்போதும் அந்தச் சில்லிப்பு நீங்கவில்லை.

முதல் தொடக்கம்: "அமெரிக்காவின் வடக்கிலுள்ள டுலூத் நகரில் அன்று கடும்பனி பெய்து—"

வேண்டா. அங்கே பனி பெய்வது செய்தியன்று.

இரண்டாம் தொடக்கம்: "அறிவியல் மனித குலத்திற்கு அளித்த கொடைகளுள்—"

இப்படி எழுதிய மாணவர்களை நான் திருத்தியிருக்கிறேன்.

மூன்றாம் தொடக்கம்: நான் பணியாற்றிய பள்ளியில், ஒரு வகுப்பறைச் சுவரோரம் நான்கு கணினிகள் கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. நான்கு திரைகளிலும் ஒரே பக்கம் தெரியும். நால்வரும் சேர்ந்து அதில் வரையலாம். மவுஸை நகர்த்தினால், அவரவர்க்குரிய வண்ணத்தில் ஒரு சிறிய கை அப்பக்கத்தில் நகரும்.

[இது நேராக இருக்கிறது. தொடர்கிறேன்.]

2

அதனை வடிவமைத்தவர் ரோசலிண்ட் ஹாகன். பல்கலைக்கழகத்திலிருந்து வாரந்தோறும் வருவார். அவருடைய குழுவில் பிள்ளைகளும் வடிவமைப்பாளர்களே. பெரியவர் எவரும் "கூடாது" என்று சொல்லலாகாது; பிள்ளைகள் விளையாட்டுக்கு அழைத்தால், காரணம் கேளாமல் சேர்ந்துகொள்ள வேண்டும். பெரியவர்களையும் பிள்ளைகள் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். [அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. மிகவும் தயங்கியபின் "நீ" என்றே எழுதுகிறேன். அவ்வறைக்கு அதுவே பொருந்தும்.]

அழிப்பதற்கான விதியையும் பிள்ளைகளே வகுத்தார்கள். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் தனியாக அழித்துவிடக் கூடாது. மூன்று கைகள் சேர்ந்து இழுத்தால்தான் எதுவும் மூலையிலுள்ள குப்பைத்தொட்டிக்குள் போகும். திரும்ப எடுக்கவும் மூன்று கைகள் வேண்டும். எவ்வளவு நியாயமான விதி! நானே கைதட்டினேன்.

3

பச்சைக் கை ஆரின் என்ற சிறுவனுடையது. [அவனை அப்பாவியாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.] பிறர் வரைந்தவற்றின்மேல் அவன் வெள்ளை பூசிக்கொண்டே போவான்.

"பனி பெய்யுது," என்றான்.

"டேய், வெளியில கொட்டுறது பத்தாதா? என் குதிரை எங்கடா?" என்று கத்தினாள் மஞ்சள் கைக்குரிய பிரிட்டா.

"உள்ள தூங்குது. அதுக்கும் குளிரும்ல?"

"என் கோல்கீப்பரையும் மூடிட்டான்!" என்று எழுந்தே விட்டான் டெஸ்மண்ட். அவன் கை சிவப்பு. "பிரிட்டா, அவன் கையப் புடி. படத்த இல்ல, கைய! ரோஸ், நீயும் வா! இழு!"

நான்காம் கணினியில் இருந்த ரோசலிண்ட், வழக்கப்படி காரணம் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே தம் நீலக் கையால் பற்றி இழுத்தார். பச்சைக் கை தொட்டிக்குள் விழுந்தது. மூடி மூடிக்கொண்டது.

ஒருவருடைய கையும் அப்பக்கத்தில் வரையப்பட்ட ஒரு பொருள்தான் என்பது, அதை வரைந்த ரோசலிண்டுக்கே தோன்றியிருக்கவில்லை.

ஆரின் தன் மவுஸை நகர்த்தினான். எதுவும் அசையவில்லை. மவுஸைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தான். மீண்டும் நகர்த்தினான். பிறகுதான் அக்கேள்வியைக் கேட்டான்.

சிரிப்பு நின்றது. ரோசலிண்ட் தம் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"ஐயோ, நானும் சேர்ந்து இழுத்தேனே," என்றார்.

4

முடிவு ஒன்று: ரோசலிண்ட் ஒரு விசையை அழுத்துகிறார், கை திரும்பி வருகிறது.

அவரால் அது இயலும். விரலை அதன்மேல் வைத்தும் விட்டார்.

"நீ பண்ணாத, ரோஸ்," என்றான் ஆரின். "அவங்க எடுக்கணும்."

ஆகவே அம்முடிவு போயிற்று.

நீலக் கை தொட்டிக்குச் சென்று மூடியைப் பற்றியது. சற்றுப் பொறுத்து மஞ்சள் கையும் சென்றது. "சரி, வந்து தொலை. குதிரைய மட்டும் தொட்டுடாத," என்றாள் பிரிட்டா.

சிவப்புக் கை நகரவில்லை.

"வந்தா மறுபடியும் பூசுவான்," என்றான் டெஸ்மண்ட்.

"பூசுவேன்," என்றான் ஆரின்.

[இவ்விடத்தில் அவன் "பூச மாட்டேன்" என்று சொல்லியிருந்தால், இக்கதை எனக்கு எவ்வளவு எளிதாக முடிந்திருக்கும்!]

முடிவு இரண்டு: மணி அடிக்கிறது, பிள்ளைகள் கையுறைகளைத் தேடிக்கொண்டு— கோழைத்தனம். அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: டெஸ்மண்டின் மனம் இளகி—

பிறர் மனத்தை இளக்கும் உரிமையை எனக்கு யார் தந்தார்?

5

எனவே டெஸ்மண்டைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டேன். அவன் நாற்காலி காலியாக இருக்கிறது. வாசகரே, நீங்கள் அமருங்கள்.

இரண்டு கைகள் மூடியைப் பற்றியபடி காத்திருக்கின்றன. ஆரின் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டான். திரையில் தன் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வெளியே வந்தால் நிச்சயம் பூசுவான். நீங்கள் வரைந்ததன்மேலும் பூசுவான். அவன் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை.

மவுஸில் டெஸ்மண்டின் கைச்சூடு இன்னும் ஆறவில்லை.