வலப்பக்கம் சாயும் கட்டங்கள்

"என் வண்டி நேராத்தான் நின்னுச்சு மேடம். உங்க படத்துலதான் சாஞ்சு நிக்குது."

பள்ளி வேன் ஓட்டுநர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஒரு பிடி பிடித்திருப்பாள். அவரோ, சட்டைப் பொத்தான் அறுந்திருக்கிறது என்பதைப்போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். விபத்து நடந்த இடத்தில் வண்டிகள் நின்ற நிலையைக் கையால் வரைந்து அறிக்கை எழுதுவது இன்சூரன்ஸ் ஆபீசில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. இந்த வேன் விபத்தன்று கொட்டுகிற மழை. போனை வெளியே எடுக்க முடியவில்லை, அளக்க நாடா பிடிக்க ஆளில்லை. குடைக்குள் நின்று பென்சிலால் வரைந்ததுதான் ஒரே சாட்சி. அதில் வேனின் மூக்கு நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது. எதிரே வந்த பைக்காரருக்குக் கால் முறிவு. தப்பு வேன்மேல் என்று முடிவாகி, ஓட்டுநர் இப்போது அதே பள்ளியில் வேன் கழுவுகிறார். வெள்ளிக்கிழமை மறுவிசாரணை. அதிலும் தோற்றால் அந்த வேலையும் போய்விடும்.

நேராகத்தானே போடுகிறோம் என்று வீட்டில் பழைய தாள்களின் பின்புறத்தில் கட்டம் போட்டுப் பார்த்தாள். வெறும் நாலு கோடு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடும். நாற்பது போட்டிருப்பாள். தையல் மிஷினை விட்டு எழுந்துவந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, காத்தடிச்ச மாதிரி எல்லாம் வலது பக்கமே சாயுது?"

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் வரும்."

"நாப்பதும் வந்திருக்கே!"

சுருக்கென்றது. ஆனால் வேடிக்கையாகவும் இருந்தது. அதெப்படி நாற்பதும் ஒரே அளவுக்குச் சாயும்? தாளைத் திருப்பி வைத்துப் போட்டாள். மணிக்கட்டைத் தூக்கி, தோளிலிருந்து இழுத்துப் பார்த்தாள்.

"பென்சில் நுனியப் பாக்காத. போய்ச் சேர வேண்டிய புள்ளியப் பாரு. துணியில நான் அப்படித்தான் கோடு போடுறேன்" என்றார் அவர். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதைச் சொல்லத் தோன்றவில்லை பாருங்கள், அந்த மனுஷருக்கு.

புதன்கிழமைக்குள் பத்துக்கு ஆறு நேராக நின்றன. ஆசைக்கு வட்டமும் போட்டுப் பார்த்தாள், அது முட்டையாக வந்தது. கை திருந்தியதைவிடக் கண் திருந்தியதுதான் பெரிய தொந்தரவாகிவிட்டது. பஸ் ஜன்னல், ரொட்டித் துண்டு, மேனேஜரின் மூக்குக்கண்ணாடி என்று எதைப் பார்த்தாலும் சாய்கிறதா என்று தேடியது.

வியாழன் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அந்தக் கோப்பை எடுத்தாள். மழையில் உப்பிய படிவம். சாலைக்கோடுகள் அச்சில் வந்தவை. வேனும், பைக்கும், ஓரத்து மருந்துக்கடையும் அவள் கை போட்டவை. வேனின் பக்கவாட்டில் அளவுகோலை வைத்தாள். கோணம் மாறாமல் மெல்ல நகர்த்திக் கடைச்சுவருக்குக் கொண்டுபோனாள். அதே சாய்வு, அச்சாகப் பொருந்தியது.

மருந்துக்கடை சாயுமா?

ஒன்பது வருடத்தில் எத்தனை கட்டங்கள் போட்டிருப்பாள்!

"சார், நாளைக்கு விசாரணைக்கு நானும் வரணும். வேன் சாயல, என் கைதான் சாஞ்சிருக்கு."

மேனேஜர் படத்தையும் அளவுகோலையும் மாறி மாறிப் பார்த்தார். "யோசிச்சுக்கோங்க மேடம். இத ஒத்துக்கிட்டா உங்க பழைய கோப்பு எல்லாத்தையும் கிளறுவாங்க."

அவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். முதலில் மருந்துக்கடையின் மூலைகளுக்குப் புள்ளி வைத்தாள். பென்சில் நுனியைப் பார்க்காமல், போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்த்து இழுத்தாள்.