விசாரணையில் ஒரு சட்டை

பிரேக் பிடிக்காத பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று சொன்ன பாவத்துக்குத் தையல்காரியின் புருஷனை இன்ஸ்பெக்டர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒன்பது நாள் ஆயிற்று. "விசாரணைல இருக்காரு, யாரும் பாக்க முடியாது" என்று வாசலிலேயே ஒரே பல்லவி.

நல்லவேளையாக, உலகமெல்லாம் ஓட்டுப்போட்டு உலக அரசு ஒன்று வந்திருந்தது. மனித உரிமையில் இனி எவனும் வாலாட்ட முடியாதாம். கால்கடுக்க நின்று ஓட்டுப்போட்டவள்தானே அவளும்! கிளை அலுவலகத்தில் மனுவை நீட்டினாள்.

சும்மா சொல்லக்கூடாது, உலகப் பாராளுமன்றத்திலேயே நாலு மணி நேரம் விவாதித்தார்கள். ஒரு உறுப்பினர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். டிரைவரைத் துன்புறுத்தக் கூடாது, உடனே விட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம். அதை நிறைவேற்ற ஊருக்கு ஒரு உரிமைக் காவலர். இந்த ஊருக்கு யார்? வேறு யார், அதே இன்ஸ்பெக்டர்தான்!

ஸ்டேஷன் தையலெல்லாம் அவளிடம்தான். மறுநாள் காலை இன்ஸ்பெக்டரே வந்து, உலக அரசு கொடுத்த நீலச் சட்டையை மேசைமேல் போட்டார்.

"மத்தியானம் பதவியேற்பும்மா. இந்த பேட்ஜை நேரா தைச்சு வை."

"எங்க வீட்டுக்காரரு, சார்?"

"தீர்மானம் பன்னண்டு பக்கத்தையும் படிச்சுக் காட்டிட்டேன். மரியாதையா நின்னுக்கிட்டே கேட்டாரு. அப்பப்ப விழுந்தாரு, தூக்கி நிறுத்தினோம். விடுறதுக்குப் பேப்பர் வரணும்ல?"

ஜீப் போனதும் சட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பதினொரு மணிக்குக் கான்ஸ்டபிள் ஓடி வந்தான்.

"சட்டை எங்கக்கா?"

"விசாரணைல இருக்கு. யாரும் பாக்க முடியாது."

"விளையாடாதீங்கக்கா! உலகமே வந்து உக்காந்திருக்கு, ஐயா பனியனோட நிக்கிறாரு!"

"எங்க வீட்டுக்காரரு வந்தா சட்டையும் வரும்."

உலக அரசின் கேமராக்காரர்கள் தெருவில் சுற்றிக்கொண்டிருந்ததால் பூட்டை உடைக்கவும் வழியில்லை. அரைமணியில் ஜீப் வந்தது. புருஷன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதம் செருப்பில் நுழையாத அளவு வீங்கியிருந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஊசியில் நூல் கோத்தாள்.

மாலை டிவியில் இதுதான் செய்தி. உலக அரசின் முதல் வெற்றி, தீர்மானத்தால் டிரைவர் விடுதலை! நீலச் சட்டை இன்ஸ்பெக்டருக்கு ஒரே கைதட்டல். பிறகு தீர்மானத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வரிகள் காதில் விழுந்ததும் புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"போதும், உக்காருங்க" என்று சொல்லி டிவியை அணைத்தாள்.