குசினியில் ஓர் ஆசிரியை

இலங்கைத்துறைக் கரையில் விடிவதற்கு முன்பே கரைவலை ஏறத் தொடங்கியிருந்தது. ஈரக் கயிற்றை இடுப்பில் சுற்றிக் குதிகாலை மணலில் ஊன்றி, இரண்டு வரிசையாக ஆட்கள் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசையின் கடைசியில் ஒரு பெண்ணும் நின்றாள். கயிறு அறுத்த உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மூச்சுப் பிடித்து மறுபடியும் இழுத்தாள்.

பாதையோரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய பாக்கியரத்தினம் அதைச் சற்று நேரம் பார்த்து நின்றார். ஆசிரியர் சங்கத்தின் மாவட்டச் செயலாளர் அவர்; திருகோணமலையிலிருந்து இருட்டோடு புறப்பட்டு வந்தவர். ஒதுக்குப்புறப் பாடசாலைகளை மாதந்தோறும் தேடிப் போவார், குறைகளைக் கேட்பார், மேலிடத்துக்கு அறிவிப்பார். மேலிடம் வாய் திறக்காது. அடுத்த மாதம் மறுபடியும் புறப்படுவார்.

உப்புநீர்க் களப்பைச் சுற்றிப் போகும் கிரவல் பாதையின் முடிவில் அந்தச் சிறிய பாடசாலை இருந்தது. ஒரே நீண்ட மண்டபம். தட்டிகளால் பிரிக்கப்பட்ட வகுப்புகள். வழியெல்லாம் நின்று நின்று பேசிவிட்டு அவர் உள்ளே நுழைந்தபோது முதற்பாடம் நடந்துகொண்டிருந்தது. அவருடைய வெள்ளைத் தலைக்கவசத்தையும் தோல்பையையும் கண்டதும் யாரோ எழுந்த வேகத்தில் ஒரு கதிரை விழுந்தது. ஒரு சேலை பின்வாசலால் மறைந்தது. மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் இல்லை. கரும்பலகையில் கழித்தற் கணக்கொன்று பாதியில் நின்றது.

"உங்கட டீச்சர் எங்க, பிள்ளைகள்?"

"நாங்கள் சுயமாக் கற்கிறம் சேர்!" என்று வகுப்பு முழுவதும் முழங்கிற்று.

முன்வாங்கில் இருந்த சிறுமி ஒருத்தி, கேட்காத கேள்விக்கும் விடை சொன்னாள்: "டீச்சர் குசினிக்குள்ள இல்லை சேர்."

அவர் சிரிக்க வாயெடுக்கும்போதே பின்பக்கத்திலிருந்து அலறல் கேட்டது.

பிள்ளைகளின் காலை உணவுக்காகத் தாய்மார் சமைக்கும் குசினியில் பருப்புப் பானை கவிழ்ந்து கிடந்தது. அதன் அருகே, வலது கையை முழங்கைவரை தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தியபடி ஒருத்தி துடித்தாள். விடியலில் கயிறு இழுத்த அதே பெண்.

"கல்வி அலுவலகத்து ஆள் எண்டு நினைச்சிட்டம் சேர்," என்றார் ஷிஃபானா. தோப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து படிப்பிப்பவர் அவர். "அவங்க வந்தா லக்சாயினி டீச்சர் இங்கதான் ஓடி வருவா. அகப்பையைப் பிடிச்சிக்கொண்டு நிண்டா, அம்மாமாரில ஒராள் எண்டு விட்டுடுவாங்க. இண்டைக்குப் பதறி ஓடினதில கால் தடக்கிட்டு."

"டீச்சரா?"

"தொண்டர் ஆசிரியை. நியமனம் இல்லை, சம்பளம் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் படிக்க ஆளில்லை எண்டு வந்தவ. வயித்துக்கு வலை இழுக்கிறா."

லக்சாயினி பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "சேர், கணக்குப் பாதியில நிக்குது. ஆராவது பிள்ளையளப் பாருங்கோ."

ஆசிரியர்களைக் காக்க வந்த மனிதரைக் கண்டு பயந்தோடியல்லவா ஓர் ஆசிரியை வெந்துபோனார்! பாக்கியரத்தினம் அன்றே திருகோணமலைக்குத் திரும்பினார். சங்கக் குழுவில் பேசினார். நியமனம் பெற்றவர்களே அங்கத்தவர்கள்; அங்கத்தவர் அல்லாதவருக்காக வாதாடச் சங்கத்தின் யாப்பு விதிகளில் இடமில்லை என்றார்கள். கல்விப் பணிப்பாளரிடம் போனார். பணிப்பாளர் குளிரூட்டிய அறையில், கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:

"அவ ஆசிரியரா?"

"படிப்பிக்கிறா."

"நான் கேட்டது அதில்லை. நியமனம் இருக்கா?"

"இல்லை."

"சமையல்காரியா?"

"இல்லை."

"அப்ப வெளியாள். வெளியாள் உள்ளுக்கு வந்து கையைச் சுட்டுக்கொண்டா நாங்கள் என்ன செய்ய ஏலும்? திங்கட்கிழமை விசாரணைக்கு வாறன். அண்டைக்கு அவ பாடசாலை வளவுக்குள்ள நிக்கக்கூடாது. இனி எண்டைக்கும்தான்."

"அப்ப மூண்டாம் வகுப்புக்கு ஆர்?"

"அது வெற்றிடம். மேல அறிவிச்சிருக்கு. கதையைக் குறையுங்கோ, செயலாளர்."

வெற்றிடம்! வலை இழுத்துத் தோலுரிந்த கையில் வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்ற இடத்துக்கு இந்த நாட்டின் நிருவாகம் வைத்திருக்கும் பெயர் அது.

திங்கட்கிழமை காலையில் வெறுங்கையோடு பாடசாலைக்குப் போனார் பாக்கியரத்தினம். கட்டுப்போட்ட கையோடு லக்சாயினி படலைக்கு வெளியே நின்றிருந்தார்.

"என்னால ஒண்டும் ஏலாமல் போச்சு, பிள்ளை."

"தெரியும் சேர். பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"எங்க போறது?" ஷிஃபானா படலையை அகலத் திறந்தார். "நீங்க வகுப்புக்குப் போங்க. எல்லாப் பிள்ளைகளையும் மண்டபத்தில இருத்திப் படிப்பியுங்க. இண்டைக்கு டீச்சர்மார் நாங்க எல்லாரும் குசினிக்குப் போறம்."

பாடசாலை அதிபர் தங்கத்துரை திடுக்கிட்டார். "எனக்குப் பென்சனுக்குக் கிட்டடி, டீச்சர். அதோட வெங்காயம் உரிக்கவும் தெரியாது."

"பழகுங்க சேர். அழுறதுக்கு ஒரு சாட்டாவது கிடைக்கும்."

தாய்மார் சிரித்தபடி இடம் விட்டார்கள். பாக்கியரத்தினமும் ஆசிரியர்களோடு உள்ளே நுழைந்தார். அதிபர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் பிந்தி உள்ளே போனார்.

பணிப்பாளரின் வாகனம் வந்து நின்றது. அவர் வெறிச்சோடிக் கிடந்த அதிபர் அறையைப் பார்த்தார். குசினி வாசலுக்கு வந்து திகைத்தார்.

"ஆசிரியர்கள் எங்க?"

"மண்டபத்தில நிக்கிறா சேர்," என்றார் அதிபர், கண்ணீர் வழிய.

"இது என்ன கூத்து? நீங்களெல்லாம் ஆர்?"

"அவ வெளியாள் எண்டா நாங்களும் வெளியாள்தான் சேர்," என்றார் ஷிஃபானா, பூசணிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இடமாற்றம் வரும். சம்பளம் நிக்கும். விளங்குதா?"

அதிபர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார். எழுந்திருக்கவில்லை.

பணிப்பாளர் மண்டபத்துக்கு விரைந்தார். அவரைக் கண்டதும் லக்சாயினியின் கால்கள் பழக்கத்தில் பின்வாசலை நோக்கித் திரும்பின. பின்வாசலுக்கு அப்பால், குசினிக்குள், எல்லா ஆசிரியர்களும் தரையில் அமர்ந்திருப்பது தெரிந்தது. அங்கே இனி அவருக்கு இடமில்லை. கால்கள் நின்றன.

"நீங்கள் வெளிய போங்கோ," என்றார் பணிப்பாளர்.

"கணக்கு முடியட்டும் சேர்." இடது கையால் எழுதிய எண்கள் கரும்பலகையில் கோணியிருந்தன.

பணிப்பாளர் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். "ஆர் உங்கட டீச்சர்?"

"நாங்கள் சுயமாக்..." என்று தொடங்கிய குரல்கள் தடுமாறி நின்றன. முன்வாங்குச் சிறுமி எழுந்தாள்.

"டீச்சர் குசினிக்குள்ள இல்லை சேர். இஞ்சதான் நிக்கிறா."

வாகனம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. கட்டளை வரும், எல்லோருக்கும் வரும். வரும்போது தம்மால் என்ன செய்ய முடியுமென்று பாக்கியரத்தினத்துக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் கணக்குத் தொடர்ந்தது. குசினியில், தேங்காய் துருவும் திருவலையின் முன்னால் பாதித் தேங்காயோடு உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து ஒரு தாய் கேட்டாள்:

"நாளைக்கும் வருவீங்களோ சேர்?"

"ஓம்," என்றார் அவர். மற்றப் பாதியைக் கையில் எடுத்தார்.