கீழே வைத்த காப்பி

ஊழியத்துக்கென்று வந்து ஏழு நாளாகியும், தாங்கள் என்ன செய்ய வந்திருக்கிறோம் என்பது நெர்மீனுக்குப் பிடிபடவில்லை. கெய்ரோவில், ஷுப்ரா சபையில் சொன்னபோது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஜோர்டானில் மஃப்ரக் ஊருக்குப் போவது, சிரியாவிலிருந்து ஓடிவந்த குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய்ப் பெட்டி கொடுப்பது, கொஞ்சம் உட்கார்ந்து பேசுவது, பத்தாம் நாள் திரும்பிவிடுவது. வந்து இறங்கியபின் ஒருவர் பிரசங்கம் பண்ணாதே என்றார். இன்னொருவர் வாயை மூடிக்கொண்டிருக்கவா இவ்வளவு தூரம் வந்தாய் என்றார். முதல் நாள் படம் எடுக்காதே என்றார்கள். மூன்றாம் நாள் படம் எங்கே என்றார்கள். நெர்மீன் எல்லோருக்கும் தலையாட்டினாள்.

அவள் புருஷன் வக்திக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே வந்ததிலிருந்து முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக இருந்தது. நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. எதையும் ஆண்டவரிடம் கேட்காமல் செய்யமாட்டான். பெண்டாட்டியிடம் கேட்கத்தான் அவனுக்கு ஞாபகம் வராது.

அன்று காலை அவர்கள் போனது அபு ஃபவாஸ் வீட்டுக்கு. சிரியாவில் ஹோம்ஸ் பக்கம் முந்நூறு ஆடு வைத்திருந்த மனிதர். இப்போது சிமெண்டு பூசாத இரண்டு அறை, தரையில் மெத்தை, மூலையில் அடுப்பு. பெட்டியை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வச்சிருங்க, அது கெடக்குது. உக்காருங்க மொதல்ல," என்றார். அவர் மனைவி உம்மு ஃபவாஸ், நெர்மீனின் மகள் வியோலாவின் கன்னத்தைக் கிள்ளி, "பதினஞ்சு வயசா? ஒங்க ஊர்ல புள்ளைங்களுக்குச் சோறே போடமாட்டாங்களா?" என்றாள். வியோலா வெட்கப்பட்டுச் சிரித்தாள். இந்த ஏழு நாளில் நெர்மீனுக்கு நிம்மதியாக இருந்த ஒரே வீடு அது.

அபு ஃபவாஸ் தன் கையாலேயே காப்பி ஊற்றினார். ஏலக்காய் மணக்கும் கறுப்புக் காப்பி. சர்க்கரை கிடையாது. காதில்லாத சின்னக் கோப்பையில் அடியில் கொஞ்சமாக ஊற்றி முதலில் வக்திக்குக் கொடுத்தார், பிறகு நெர்மீனுக்கு, கடைசியில் தனக்கு. அவள் தன் கோப்பையை உதட்டருகே கொண்டுபோன நேரம் பார்த்து வக்தி வாயைத் திறந்தான்.

"நாங்க வந்துட்டுப் போற ஆளுங்க இல்லண்ணே. அடுத்த மாசத்துலேருந்து இங்கதான். மூணு வருஷம். பக்கத்துத் தெருவுல வீடுகூடப் பாத்தாச்சு."

நெர்மீன் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

வேண்டுமென்று வைக்கவில்லை. கை தானாக இறங்கிவிட்டது. மூன்று வருஷமா? வீடு பார்த்தாச்சா? யார் பார்த்தது, எப்போது? தலைக்குள் ஒன்றும் ஒட்டவில்லை. நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். அபு ஃபவாஸ் தன் கோப்பையையும் கீழே வைத்திருந்தார். உம்மு ஃபவாஸ் வியோலாவின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லு தங்கச்சி," என்றார் அபு ஃபவாஸ்.

"என்ன சொல்லணும்?"

"என்ன வேணுமோ அதச் சொல்லு."

"ஒண்ணும் வேணாம்ணே."

"ஒண்ணும் வேணாம்னா யாரும் கோப்பையக் கீழ வைக்கமாட்டாங்க."

வக்தி அவசரமாகச் சிரித்தான். "தப்பா நெனைக்காதீங்கண்ணே, எங்க ஊர்ல சக்கரை போட்டுக் குடிச்சுப் பழக்கம்..."

"நான் காப்பியப் பத்திப் பேசல, தம்பி. விருந்தாளி குடிக்காம வச்சா, எங்கிட்ட கேக்க ஏதோ இருக்குன்னு அர்த்தம். கேட்டத நான் குடுத்தாத்தான் அவங்க குடிப்பாங்க. அவங்க குடிச்சாத்தான் நான் குடிப்பேன். பொம்பள வச்சு நான் பாத்ததில்ல. இருந்தாலும் வச்சாச்சு."

"பொட்டியத் திருப்பிக் கேக்குறாங்களோ?" என்று உம்மு ஃபவாஸ் முணுமுணுத்தாள்.

"ஏய், சும்மா இரு. தங்கச்சி, படமா? எடுத்துக்கோ. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க."

நெர்மீனுக்குக் கூச்சத்தில் உடம்பெல்லாம் சுட்டது. கொடுக்க வந்தவள் அவள். இரண்டு அறைக்குள் ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர், என்ன கேட்டாலும் தருகிறேன் என்று காத்திருக்கிறார். தெரியாமல் வைத்துவிட்டேன் என்று சொல்லிக் குடித்துவிடலாம். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"எனக்கு வீட்டுக்குப் போகணும்ணே. எங்க வீட்டுக்கு. இவர் எங்கிட்ட கேக்கவே இல்ல. இப்பதான் ஒங்ககூடச் சேந்து நானும் தெரிஞ்சுக்கிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. உடனே செத்துப்போகலாம்போல இருந்தது.

அபு ஃபவாஸ் தாடியைத் தடவிக்கொண்டார். "வீட்டுக்கா," என்றார். "ஒன்பது வருஷமா நான் கேட்டுக்கிட்டிருக்கேன். எனக்கே கெடைக்கல. அத வந்து எங்கிட்ட கேட்டுட்டியே." பிறகு கோப்பையை விரலால் அவள் பக்கம் நகர்த்தினார். "சரி. குடுத்தாச்சு. குடி."

"அண்ணே," என்றான் வக்தி. அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை போயிருந்தது. "நான் ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"அது ஒனக்கும் அவருக்கும். பேசித் தீத்துக்கோ. இது என் வீடு, இது நான் குடுத்த வாக்கு. இங்க வந்து எங்களோட வாழணும்னு சொல்ற. மொத நாளே என் வாக்க ஒடைக்கப்போறியா?"

வக்தி மகளைப் பார்த்தான். வியோலா தரையைப் பார்த்தாள். "இல்லண்ணே," என்றான் மெதுவாக. "ஒடைக்கல. கூட்டிட்டுப் போறேன்."

நெர்மீன் காப்பியைக் குடித்தாள். ஆறிப்போய்க் கசந்தது. ஜெயித்தோமா, தோற்றோமா, வக்தியைத் தலைகுனிய வைத்துவிட்டோமா, ஒன்றும் விளங்கவில்லை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அபு ஃபவாஸ் தன் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வக்திக்கு இன்னொரு தடவை ஊற்றினார்.

வாசலில் உம்மு ஃபவாஸ் நெர்மீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வியோலா அம்மா, ஊருக்குப் போய்க் கதவத் தெறந்ததும் ஜன்னல் எல்லாத்தையும் தெறந்து வையி. எனக்காக. ஹோம்ஸ்ல எங்க வீட்டுல பதினோரு ஜன்னல்."

ஷுப்ரா வீட்டில் இருந்தது இரண்டே ஜன்னல். ஒன்றைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அதைச் சொல்ல நெர்மீனுக்கு வாய் வரவில்லை.

"தெறக்குறேன்க்கா," என்றாள். "எல்லாத்தையும்."