ஆனந்தமேரி மாற்றிக்கொண்ட நேர்ச்சை

1

இந்தக் கதையைப் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தேன். கருவடிக்குப்பத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். ஆனந்தமேரி அக்காவிடம் அனுமதி கேட்டபோது, "எழுதிக்கோ தம்பி. ஆனா படிக்கிறவங்கள அழ வுட்டுடாத" என்றார்.

ஆகவே, அன்று கடல் சாம்பல் நிறத்தில்...

(அடித்துவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து கடல் தெரியாது.)

2

அவர் கணவர் அலெக்சாண்டருக்கு எழுபத்தேழு வயது. மில்லில் ஃபிட்டராக இருந்தவர். இதய வால்வு சுருங்கி, பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கியது. வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் சிரித்தார்.

"வால்வுதானே டாக்டர்? மில்லுல நான் மாத்தாத வால்வா?"

டாக்டர் இனியா ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார். "வால்வு ரெடி. ஒடம்பு ரெடியா இல்லியே. ஆல்புமின் ரெண்டு புள்ளி ஏழு. மூணரையாவது இருக்கணும். இப்படியே செஞ்சா புண்ணு ஆறாது, கிருமி தொத்தும். ஆறு வாரம் நல்லா சாப்புட்டு வாங்க. அதுக்கு மேல தள்ள முடியாது."

[ஆல்புமின் ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். வயதானவர் உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்பதை ஓரளவு சொல்லும். கட்டுரை இத்துடன் முடிந்தது.]

3

"என்ன சாப்புடுறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"ரசஞ்சோறு."

அப்போதுதான் குட்டு உடைந்தது. ஆபரேஷன் நல்லபடி முடியும்வரை கவுச்சி தொடுவதில்லை என்று மாதாவிடம் நேர்ந்திருந்தார். மனைவியிடம், வாய்க்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார். பால் ஒத்துக்கொள்ளாது, பருப்பு வாயு. பிழைக்கச் செய்த நேர்ச்சையே அவரைக் கரைத்துக்கொண்டிருந்தது.

இங்கே பங்குச்சாமியாரை வரவழைத்து அறிவுரை சொல்ல வைத்தேன். ஒரு பக்கம் பேசினார். நீக்கிவிட்டேன். நடந்தது வேறு.

திரும்பும் வழியில் ஆனந்தமேரி மாதா கோயில் வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வந்தார்.

"மாதாகிட்ட பேசிட்டேன். ஒங்க நேர்ச்சைய எம்பேருக்கு மாத்திக்கிட்டேன்."

"மீன் இல்லாம ஒனக்குச் சோறே எறங்காதே, மேரி!"

"எறங்கலன்னாதான் அது நேர்ச்சை. ஒங்களுக்கு இன்னைக்கி சுறாப்புட்டு."

அலெக்சாண்டர் அழுதார். (அவர் வாசகர் அல்லர், அழலாம்.)

4

வைத்திக்குப்பத்து அஞ்சம்மாள் தினமும் மீன் கூடையோடு வந்தார். ஆனந்தமேரி ருசி பார்க்காமலே சமைத்தார். அலெக்சாண்டர் குற்றவாளிபோல் அவரைப் பார்த்துப் பார்த்துத் தின்றார்.

"என்னெ ஏன் பாக்குறீங்க? முள்ளப் பாத்துத் தின்னுங்க."

ஆறாவது வாரம்: மூன்று புள்ளி ஐந்து.

"என்ன மருந்து எடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"எம்பொண்டாட்டி பங்கு மீனையும் தின்னேன் டாக்டர்."

5

ஆபரேஷன் அறைக்குள் கதாசிரியரை விடுவதில்லை. வெளியே ஆனந்தமேரியோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலை உருண்டுகொண்டே இருந்தது.

டாக்டர் வந்தார். "நல்லபடி முடிஞ்சுதும்மா."

ஆனந்தமேரி எழுந்து, சிலுவை போட்டு, கேட்டார்: "அப்போ நான் மீன் சாப்புடலாமா?"

இதையே முடிவாக வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதம் கழித்து, அலெக்சாண்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு மீன் குழம்பு வைத்தார். சட்டியைத் தூக்கியது நான். உப்பு இரண்டு தரம் விழுந்ததை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

முதல் கவளத்தை வாயில் வைத்ததும் ஆனந்தமேரி என்ன சொன்னார்? திட்டினாரா, சிரித்தாரா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மறுசோறு கேட்டார் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.