பொட்டு வைத்த கேட்

எனக்குக் கோபம் வந்தால் புத்திக்கு முன்னால் வாய் ஓடிவிடும். என் மனைவி மெர்சியைக் கேட்டால் விவரமாகச் சொல்வாள். ஆனால் தொண்ணூற்றேழாம் வருஷத்து ஆயுதபூசை அன்று ஓடியதை அவளிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

கோவை கணபதியில் எனக்கு மோட்டார் பட்டறை. தானாகத் திறந்து மூடும் கேட்டை முதன்முதலாக நான் மாட்டியது கிணத்துக்கடவு பாலுசாமி வீட்டில். தென்னந்தோப்பும் பம்ப் கம்பெனியும் உள்ளவர். கார் பவிசுக்காக அவர் அதைப் போடவில்லை. அவர் மனைவி காளியாத்தாளுக்கு முந்தின வருஷம் ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டது. தேறி, கைத்தடியோடு நடக்கிறார். பதினாறடி இரும்புக் கேட்டை அவரால் தள்ள முடியாது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால்கூட யாரையாவது கூப்பிட வேண்டும்.

"ஆருகிட்டயுங் கேக்காம நானாப் போயி நானா வரோணுந் தம்பி. அது போதும்" என்றார் என்னிடம்.

அவருக்காகவே இரண்டு தூணிலும் முழங்கால் உயரத்தில் ஒவ்வொரு கண் வைத்தேன். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும். பொத்தானை அமுக்கினால் திறக்கும் கேட் கொஞ்ச நேரத்தில் தானாக மூடும்; ஆனால் குறுக்கே எது நின்றாலும் மூடாது. முதலில் வாழைத்தண்டை வைத்துப் பார்த்தேன். அப்புறம் என் காலையே வைத்துப் பார்த்தேன்.

"நாயி போனாக்கூட நின்னுக்குதேங்க" என்று பாலுசாமி சலித்துக்கொண்டார்.

"நாய்க்கு நிக்கிற கேட்டுத்தானுங்க அக்காவுக்கும் நிக்கும்" என்றேன். அன்று எனக்கு இருந்த திமிர் கொஞ்சமில்லை.

ஆயுதபூசை அன்று காலையிலிருந்தே போன் ஓயவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சோற்றில் கை வைத்த நேரம், பாலுசாமி.

"ஏனுங்க ஜெரோம், கேட்டு தெறக்குது, மூட மாட்டீங்குது. நான் கம்பெனிப் பூசைக்குக் கெளம்போணும். தெறந்து போட்டுட்டா போறது?"

கண்ணில் ஏதாவது மறைத்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எரிச்சலில் கேட்கவில்லை. "மெயினை ஆப் பண்ணிப்போட்டு, மோட்டார் பொட்டிக்குள்ள கண்ணுலிருந்து வர்ற ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி உடுங்க. மூடிக்கும். நாளைக்கு வாரேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பம்ப் செய்கிறவருக்கு அது ஐந்து நிமிஷ வேலை.

சாப்பிட்டுப் படுத்து எழுந்த பிறகுதான் உறைத்தது. ஒயரை முறுக்கினால் குறுக்கே யார் நிற்கிறார்கள் என்று கேட்டுக்குத் தெரியாது. சாயங்காலம் அக்கா கோயிலுக்குப் போவார். போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அக்கா தடியைத் தேடி எழுந்து வருவதற்குள் அது நின்றுவிடும். ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கேட் திறந்திருந்தது. அக்கா நடுவில் வந்துகொண்டிருந்தார். கேட் மூட ஆரம்பித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது நிற்கும் என்று அவ்வளவு நம்பிக்கை! நான் கொடுத்த நம்பிக்கைதான். ஸ்கூட்டரை அப்படியே இடைவெளியில் விட்டேன். கேட் அதில் மோதி முன்சக்கரத்தை வளைத்தது. மோட்டார் உறுமியது. அக்கா தடியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கம்பெனியிலிருந்து திரும்பி உள்ளே போயிருந்த பாலுசாமி ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

அக்காவுக்கு அடியில்லை. பாலுசாமி தூணைப் பார்த்தார். கண்ணில் கனமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"இதென்ன அம்மணி?"

"கிரைண்டரு, காரு எல்லாத்துக்கும் வெச்சனுங்க. இதுவும் வேல செய்யறதுதானேன்னு வெச்சுப்போட்டனுங்க." அக்கா அழுதுவிட்டார்.

"போதும். இனி நீ தனியா எங்கயும் போவ வேண்டாம். ஆளு போட்டுக்கலாம்."

அக்கா சரியென்று தலையை ஆட்டினார். பாலுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமியாட்டம் வந்தீங்க" என்றார்.

அவர் வார்த்தையை நம்பி நான்கு பேர் என்னிடம் கேட் சொல்லியிருந்தார்கள். பேசாமல் இருந்தால் எனக்கு மாலை மரியாதைதான். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

"அக்கா மேல தப்பில்லீங்க. கண்ணு மறைஞ்சா மூடாம நிக்கோணும்னுதான் அதைச் செஞ்சேன். மத்தியானம் அது சரியாத்தான் நின்னுச்சு. நாந்தான் சோத்து அவசரத்துல ஒயரை முறுக்கச் சொல்லிப்போட்டேன்."

பாலுசாமி கையை விட்டார்.

"அப்ப என்னால இல்லீங்களா?" என்றார் அக்கா.

"இல்லீங்க்கா."

ஸ்கூட்டரை இழுத்துப் போட்டேன். ஒயரைப் பிரித்தேன். சந்தனத்தைத் துடைத்தேன். மெயினைப் போட்டு, மூன்று முறை என் காலை வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் நின்றது.

அக்கா எழுந்தார். பாலுசாமி நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. கேட் திறந்ததும் தடியை ஊன்றி நடந்து, சரியாக நடுவில் போய் நின்றுகொண்டார். மூடும் நேரம் வந்தது, போனது. கேட் அசையவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அப்புறம் கோயில் பக்கம் திரும்பினார்.

பாலுசாமி பின்னாலேயே ஓரடி வைத்தார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.