கையை எடுத்துடுங்க

“மவுஸ்லேர்ந்து கையை எடுத்துடுங்கம்மா,” என்று மறுபடியும் சொன்னாள் பொறுமை.

ஆபீசில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது. மற்றவர்கள் போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் கேஸ் எல்லாம் கடைசியில் அவள் தலையில்தான் விடியும். இங்கே உட்கார்ந்தபடியே வாடிக்கையாளரின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, ஏற மறுக்கும் சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. பாதிக் கோளாறு எதிரே உட்கார்ந்திருப்பவரின் கையில்தான் இருக்கும் என்பது அவள் அனுபவம். இரண்டு பேர் ஒரே மவுஸை இழுத்தால் வேலை எப்படி நடக்கும்?

இந்த அம்மாளின் கேஸும் அதுதான் என்று நினைத்தாள். சாஃப்ட்வேர் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு முக்கால்வாசி நிறைந்ததும் அம்புக்குறி அசையும். ‘கேன்சல்’ பொத்தானைச் சுற்றிச் சுற்றி வரும். பிறகு அமுக்கும். போட்டது அத்தனையும் போச்சு.

“நான் தொடவே இல்லையேம்மா,” என்றது போனில் குரல். “நாளைக்கு வேலையில சேரணும். வீட்டிலேர்ந்தே கணக்குப் பார்க்கிற வேலை. இன்னைக்குள்ள இது ஏறலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறோம்னுட்டாங்க. இந்த வயசுல வேற யாரு எனக்கு வேலை தரப்போறாங்க?”

“சரி, மவுஸ் ஒயரையே பிடுங்கிடுங்க.”

பிடுங்கிய சத்தம் கேட்டது. இணைப்பில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். ஈ காக்கை இல்லை. தன் மவுஸையும் விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கோடு முக்கால்வாசியைத் தொட்டது. அம்பு அசைந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம், பக்கத்து நாற்காலிகளில் ஆளில்லை. “அம்மா, அங்கே உங்ககூட யாராவது இருக்காங்களா?”

அந்த அம்மாள் பதிலுக்குக் கேட்டாள்.

“சுத்துதா?”

“சுத்துதும்மா.”

“எங்க வீட்டுக்காரர் அப்படித்தான். எதையும் சுத்திச் சுத்தி வந்துதான் அமுக்குவார். எனக்கு வந்த வேலைக்கெல்லாம் ‘வேணாம்’னு பதில் போட்டதும் இதே கம்ப்யூட்டர்லதான். போய்ச் சேர்ந்து வருஷம் ஆகப்போகுது.”

இதற்கெல்லாம் ஆபீசில் பயிற்சி தரவில்லை. பொறுமை வாயைத் திறக்குமுன் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் எழுந்து நின்றிருக்க வேண்டும். இதுவரை கெஞ்சிய குரல் இல்லை இப்போது.

“கையை எடுத்துடுங்க.” பொறுமையிடம் சொல்லவில்லை. “முப்பது வருஷம் நீங்க சொன்னதுதான் நடந்துச்சு. போதும், எடுத்துடுங்க.”

அம்பு பொத்தானின்மேல் அப்படியே நின்றது. கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறைந்தது. ‘முடிந்தது’ என்று திரையில் வந்ததும், அம்பு மெதுவாக ஒரு மூலைக்குப் போனது.

“ஏறிடுச்சும்மா.”

அந்த அம்மாள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நான் திரையைப் பார்க்கலை. போயிட்டாரா?”

மூலையில் அம்பு சின்னச் சின்ன வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தது. நாளைக்கு வேலையில் சேருகிறவள், பாவம். பொறுமை பொய் சொன்னாள்.

“போயிட்டாரும்மா.”

வட்டம் நின்றது. தன் பேச்சு அடிபடுவதைக் கேட்டு நிற்பவரைப்போல அம்பு சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு திரையின் மேல்பக்கம், பொறுமையை வெளியே அனுப்பும் ‘இணைப்பைத் துண்டி’ பொத்தானிடம் போய், நிதானமாக அதைச் சுற்ற ஆரம்பித்தது.